தெரு கூட்டுபவர்களிடம் பிளாஸ்டிக் கணக்கு கேட்கலாமா?

வாசகர் கேள்வி
2 ஜூன், மாலை 6.15

பிளாஸ்டிக் குப்பையைக் கண்காணிக்கும் மக்கள் அறிவியலில், அதாவது ஆய்வுக்கான தரவைப் பொதுமக்களே சேகரிக்கும் முறையில், தூய்மைப் பணியாளர்களையும் சேர்க்க வேண்டும் என்று இங்கே அடிக்கடி எழுதுகிறீர்கள். எண்ணம் நல்லதுதான். ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே இடுப்பொடியும் வேலை. அதற்கு மேல் எண்ணு, குறி, படம் எடு என்று சொல்வது என்ன நியாயம்? அப்புறம், பயிற்சி இல்லாதவர்கள் கொடுக்கும் எண்ணை எந்த ஆய்வாளர் நம்புவார்? வார இறுதியில் தன்னார்வலர்கள் செய்வது போதாதா?

2 ஜூன், இரவு 9.50

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். நானே ஆறு வருடம் வார இறுதித் தன்னார்வலனாக இருந்தவன்.

மக்களே குப்பையை எண்ணுவது புதிதல்ல. 1986இல் அமெரிக்காவின் டெக்சஸ் கரையில் சுமார் 2,800 பேர் கூடிக் குப்பை பொறுக்கினார்கள், பொறுக்கியதை அட்டையில் வகைவாரியாகக் குறித்தார்கள். இன்று உலகம் முழுக்க நடக்கும் சர்வதேசக் கடற்கரைத் துப்புரவு அதிலிருந்து வளர்ந்ததுதான். நாங்களும் அதே மாதிரி அட்டையைத்தான் தெருவுக்குக் கொண்டுவந்தோம்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு எங்கள் குழு தெருவில் இறங்கும். அந்தத் தெருவை ஐந்தரைக்கே கூட்ட ஆரம்பித்து ஏழுக்குள் முடித்திருப்பார்கள். கூட்டியது போக மிச்சம் கிடந்ததை எண்ணிவிட்டு, ‘இந்தத் தெருவில் சேரும் குப்பை இவ்வளவு’ என்று அறிக்கை எழுதினோம். ஆறு வருடம் யாருக்கும் உறைக்கவில்லை. ஒருநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பிய அக்கா ஒருவர் நின்று பார்த்தார். “நான் விட்டதை எண்ணுறீங்களா தம்பி? எடுத்ததை எண்ணலையா?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றைக்கு அட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

ஏரிக்குச் சொல்வது போல இதையும் இருப்பு, வரத்து என்று பிரித்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் தரையில் கிடப்பது இருப்பு. ஒரு நாளில் புதிதாக வந்து சேர்வது வரத்து. வரத்தை அளக்க வேண்டுமானால் ஒரே இடத்தை முதலில் சுத்தமாக்கி, ஒரு நாள் விட்டு, அதே நேரத்தில் போய் எண்ண வேண்டும். ஆய்வாளர்கள் இதற்காகத் தனியாக ஏற்பாடு செய்து கஷ்டப்படுகிறார்கள். தெரு கூட்டுபவருக்கு அது அன்றாட வேலை.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை எண்ணுகிறோம் என்பது சின்ன விஷயமில்லை. அண்டார்க்டிகாவுக்கு வடக்கே தென்கடலில் இருக்கும் மக்வாரி, ஹேர்ட் தீவுகளின் கரைகளில் நாள்தோறும் எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2013இல் வந்தது. மாதம் ஒருமுறை எண்ணிப் போடும் கணக்கைவிட தினசரிக் கணக்கில் வரத்து ஏறக்குறைய பத்து மடங்கு. இடைப்பட்ட நாட்களில் அலை திரும்ப இழுத்துக்கொள்கிறது, மணல் மூடிவிடுகிறது. தெருவில் அந்த வேலையைக் காற்றும் வடிகாலும் செய்கின்றன.

3 ஜூன், காலை 6.40

நேற்று விட்டுப்போன ஒன்று. எந்த நிறுவனத்தின் உறை தெருவில் கிடக்கிறது என்று பார்ப்பதைப் பிராண்டு தணிக்கை என்கிறார்கள். 2018 முதல் 2022 வரை 84 நாடுகளில் நடந்த 1,576 தணிக்கைகளை ஒன்றுசேர்த்து 2024இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. 18 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். அதில் பாதிக்கு மேல், 52 சதவீதம், எந்தப் பெயரையும் படிக்க முடியாத நிலையில் இருந்தன. வெயிலில் மை போய்விடுகிறது, உறை கிழிந்துவிடுகிறது. நேற்று இரவு விழுந்த உறையை இன்று காலை ஐந்தரைக்கு எடுப்பவர் கையில் அந்தப் பெயர் இன்னும் பளிச்சென்று இருக்கும். யார் பொறுப்பு என்று கேட்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

3 ஜூன், இரவு 10.20

தூய்மைப் பணியாளர்களோடு சேர்ந்து எண்ணிய எங்கள் முதல் முயற்சி எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார்கள். மோசமாக இருந்தது.

நான் தயாரித்தது 42 வரிகள் கொண்ட தாள். ஏழு பேருக்கும் ஆளுக்கொரு எழுது அட்டையும் பேனாவும் கொடுத்தேன். முதல் நாளே தெரிந்துவிட்டது. கையுறை போட்ட விரலில் பேனா நிற்காது. கையுறையைக் கழற்றினால் அழுக்குக் கையால் தாளைத் தொட வேண்டும். ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் முறம், அட்டையை எங்கே வைப்பது? பனி ஈரத்தில் தாள் துவண்டுவிட்டது. ஏழில் ஐந்து தாள்கள் காலியாகத் திரும்பின. மற்ற இரண்டையும் வேலை முடிந்த பிறகு நினைவிலிருந்து நிரப்பியிருந்தார்கள். பாவம், என் மனம் கோணக் கூடாது என்று.

‘எடுத்ததை எண்ணலையா’ என்று என்னைக் கேட்ட அதே அக்காதான் வழி கண்டுபிடித்தார். தெருவில் பொறுக்கிய பாட்டில் மூடிகளைக் கழுவி, சூடான கம்பியால் நடுவில் ஓட்டை போட்டு, கயிற்றில் கோத்து வண்டியின் கைப்பிடியில் கட்டிவிட்டார். ஒரு கயிற்றில் இருபது மூடி. ஐந்து நிறம், ஐந்து கயிறு, ஐந்து வகைக் குப்பை. ஒரு பொருளை வண்டியில் போட்டால் ஒரு மூடியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ள வேண்டும். தடித்த கையுறையோடும் தள்ளலாம், இருட்டிலும் தள்ளலாம்.

42 வகை ஐந்தாகக் குறைந்தது: சிறு பாக்கெட், தின்பண்ட உறை, பாட்டிலும் மூடியும், கைப்பிடி வைத்த கவர், சிகரெட் துண்டு. ஐந்து வகையில் என்ன அறிவியல் இருக்கிறது என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் வருத்தப்பட்டார். காலியாக வரும் 42 வரிகளைவிட நிரம்பி வரும் ஐந்து வரிகளில் அறிவியல் கூடுதலாகவே இருக்கிறது.

5 ஜூன், மதியம் 1.05

“கைபேசிச் செயலி இருக்கும்போது மூடி, கயிறு எல்லாம் எதற்கு?” என்ற கேள்விக்கு.

அதையும் பார்த்தோம். ஈரமான ரப்பர் கையுறை பட்டால் தொடுதிரைக்குப் புரிவதில்லை. ஒவ்வொரு பொருளையும் படம் எடுக்க ஐந்து விநாடி என்றே வைத்துக்கொள்ளுங்கள், 400 பொருளுக்கு அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். கைபேசி அவர்களுடையது, டேட்டா செலவும் அவர்கள் தலையில். படத்தோடு இடமும் நேரமும் பதிவாகிவிடும் என்பது இன்னொரு பக்கம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அதில் எனக்கு ஒரு கசப்பான அனுபவம் இருக்கிறது.

6 ஜூன், இரவு 9.30

முதல் கேள்விக்கு, அதாவது நியாயத்துக்கு, வருகிறேன்.

கேட்டவர் சொல்வது சரி. சம்பளம் இல்லாமல் செய்யச் சொன்னால் அநியாயம்தான். முதல் மாதம் அந்த அநியாயத்தை நானும் செய்தேன். வேலை முடிந்ததும் மூடிகளைப் பார்த்து எண்ணிக்கை சொல்லிவிட்டுப் போகச் சொன்னேன். இருபது நிமிடம்தானே என்று நினைத்தேன். என் சனிக்கிழமை இருபது நிமிடம் என் ஓய்விலிருந்து போகிறது. அவருடைய இருபது நிமிடம் போனால் வண்டி தவறுகிறது, பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் நேரம் தவறுகிறது. யாரும் முறையிடவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு பேர் மெல்ல நழுவிப் போனபோதுதான் புரிந்தது.

அப்புறம் மாற்றினோம். எண்ணும் நாளில் அவரவர் தெருக்களில் ஒன்று குறைக்கப்படும். அந்தத் தெருவுக்கு மாற்று ஆள், அவருக்கான கூலி எங்கள் குழுவின் பொறுப்பு. எண்ணுவது வேலை நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

காசு கொடுத்தால் அது மக்கள் அறிவியல் ஆகாது என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். ஏன் ஆகாது? ஆய்வாளர் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் ஆராய்கிறார். அதனால் அவருடைய அறிவியல் கெட்டுவிட்டதா? இந்த ஆய்வில் கூலி வாங்கக் கூடாத ஒரே ஆள் குனிந்து எடுப்பவர்தான் என்றால் எனக்கு அது ஏற்பில்லை.

ஐரோப்பிய மக்கள் அறிவியல் சங்கம் 2015இல் பத்துக் கொள்கைகளை வெளியிட்டது. இரண்டு தரப்புக்கும் பயன் இருக்க வேண்டும், பங்கேற்பவர்களுக்கு முடிவுகளைத் தெரிவிக்க வேண்டும், வெளியீடுகளில் அவர்களுடைய பங்கைச் சொல்ல வேண்டும் என்பவை அதில் உண்டு.

8 ஜூன், காலை 7.10

கீழே வாசகர்கள் பேச்சு ஆற்றுப் பக்கம் போயிருப்பதால் ஒரு வார்த்தை. கடலுக்குப் போகும் ஆற்றுப் பிளாஸ்டிக்கில் 90 சதவீதத்தை உலகின் பத்தே பெரிய ஆறுகள்தான் சுமக்கின்றன. அதனால் நகரத்துச் சிறு வாய்க்கால்களில் எண்ணுவதைவிட அந்தப் பத்தில் கவனம் வைப்பதே முக்கியம் என்று ஒரு வாதம் உண்டு. எனக்கும் அதில் ஓரளவு உடன்பாடு.

9 ஜூன், இரவு 8.45

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும். பத்து ஆறுகள் என்பது 2017இல் வந்த கணிப்பு. உலகின் ஆறுகள் மொத்தமாகக் கொண்டுபோவதில் 88 முதல் 95 சதவீதம் பத்து ஆறுகள் வழியாக என்று அதில் இருந்தது. 2021இல் கூடுதல் தரவோடு வந்த ஆய்வு அதை மாற்றிவிட்டது. 80 சதவீதம் வருவது ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து, அதிலும் நகரங்களுக்குள் ஓடும் சிறிய ஆறுகளின் பங்கு பெரிது என்கிறது. மொத்த அளவு ஆண்டுக்கு 8 லட்சம் முதல் 27 லட்சம் டன்.

ஆகவே என் ‘ஓரளவு உடன்பாடு’ வாபஸ். சிறிய ஆறுகள்தான் கணக்கு என்றால், அந்த ஆறுகளில் விழும் வாய்க்கால்களும் வாய்க்கால்களில் விழும் தெருக்களும்தான் கணக்கு. அங்கே தினமும் நிற்பவர் யார் என்று திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை.

11 ஜூன், இரவு 11.00

நம்பகத்தன்மை பற்றிய கேள்வியை இத்தனை நாள் ஒத்திப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு அண்ணனுடைய கணக்கில் சிறு பாக்கெட் வரிசையில் 20, 20, 20, 20 என்று வந்துகொண்டே இருந்தது. ஒன்பது வாரத்தில் ஏழு வாரம் இருபது. புள்ளிவிவரம் படித்த யாருக்கும் இதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம்தான் வரும்: எண்ணாமலே சொல்கிறார். எனக்கும் வந்தது. அவருடைய எண்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். அவரிடம் கேட்கக்கூட இல்லை.

பத்தாவது வாரம் தற்செயலாக அவரோடு நடந்தேன். தெருவின் பாதி தாண்டுவதற்குள் பச்சைக் கயிற்றில் இருபது மூடியும் அந்தப் பக்கம் போய்விட்டன. அவர் பாக்கெட்டுகளை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டே போனார், மூடியைத் தொடவில்லை. கேட்டேன். “இருபதுதானே இருக்கு, தீர்ந்துபோச்சு” என்றார். இருபதுக்கு மேல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் யாருமே அவருக்குச் சொல்லவில்லை. அவர் கருவி காட்டியதை அப்படியே சொன்னார். நிரம்பிய மழைமானி அதற்கு மேல் காட்டாதது போலத்தான். அன்று அவருடைய தெருவில் முழுக்க எண்ணியபோது 53 வந்தது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, “ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேனே” என்றார்.

இப்போது ஒவ்வொரு கயிற்றுக்கும் பக்கத்தில் சிறு கயிறு ஒன்று தொங்குகிறது. இருபது முடிந்தால் அதில் ஒரு சிவப்பு மூடி. பழைய ஏழு வாரங்களை ‘இருபது அல்லது அதற்கு மேல்’ என்று எழுதி வைத்திருக்கிறோம், தூக்கிப்போடவில்லை.

சரி, நம்பலாமா? ஒரே தெருவை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணிப் பார்ப்பதுதான் வழி, யார் எண்ணினாலும். நானும் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவரும் கூட்டுவதற்கு முன்னால் எண்ணினோம்: 31 சிறு பாக்கெட். பின்னாலேயே வந்த அக்கா எடுத்தது 38. மிச்சம் ஏழும் நடைமேடைக் கல்லின் இடுக்கில் இருந்தன. துடைப்பத்தின் நுனியால் நெம்பி எடுத்துக் காட்டினார். எங்கள் கண்ணுக்கு அது வெறும் மண்.

12 ஜூன், காலை 6.20

தூக்கம் வரவில்லை, அதனால் இன்னும் கொஞ்சம்.

நல்ல தரவு என்றால் துல்லியமான எண் என்று மட்டும் நினைத்திருந்தேன். அவர்களிடம் இருப்பது அதைவிடப் பெரியது. எது எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு திருப்பத்தில் நீளநீளமான பிளாஸ்டிக் பட்டைகள் சுருண்டு கிடக்கும், பெட்டிகளை இறுக்கிக் கட்டுவார்களே, அந்தப் பட்டை. சனிக்கிழமைகளில் நாங்கள் ஒன்றோ இரண்டோதான் பார்த்தோம், வகைப்பட்டியலில்கூட அதற்கு இடமில்லை. “செவ்வாக்கிழமை வாங்க” என்றார் அக்கா. போனேன். திங்கள் இரவு லாரியில் சரக்கு இறங்குகிறது. பட்டையை அறுத்து அப்படியே தரையில் விடுகிறார்கள். அன்று காலை 64 பட்டைகள். மதியத்துக்குள் காற்று அவற்றை வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விடுமாம். ஆறு வருடம் சனிக்கிழமை மட்டும் போய்க்கொண்டிருந்த எங்களுக்கு அந்தப் பட்டை உலகத்திலேயே இல்லை. இப்போது ஆறாவது கயிறு கட்டியிருக்கிறோம்.

வடிகால் மூடி ஒன்றையும் தூக்கிக் காட்டினார். மேலே புது உறைகள். அதற்குக் கீழே நிறம் போனவை. அதற்கும் கீழே கருப்புச் சேற்றில் நகத்தளவு முக்கோணங்கள், நூற்றுக்கணக்கில். பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிக்கும்போது போகிறதே, அந்த மூலை. துடைப்பத்தின் ஈர்க்குகளுக்கு நடுவே அது நழுவிவிடுகிறது. கைவிரலாலும் பிடிக்க முடியாது. கடற்கரைக் கணக்கெடுப்புகளில் பெரிய குப்பை என்று எடுத்துக்கொள்வது பொதுவாக இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை. இந்த மூலை அதற்குள் வராது. நுண்பிளாஸ்டிக் என்பது ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே, அதற்குள்ளும் இது வராது. இரண்டு கணக்கிலும் விழாமல் நேராக ஆற்றுக்குப் போகிற பொருள் இது. மழைக்கு முன்னால் அந்தக் குழியைப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

12 ஜூன், இரவு 9.00

சிகரெட் துண்டைப் பற்றி ஒருவர் கேட்டதால்: ஆம், அதுவும் பிளாஸ்டிக்தான். வடிகட்டி செல்லுலோஸ் அசிடேட். பஞ்சு என்றே பலர் நினைக்கிறார்கள். பல ஆண்டுகள் கடற்கரைத் துப்புரவுகளில் முதலிடம் அதற்குத்தான். 2019 கணக்கில்தான் முதல்முறையாகத் தின்பண்ட உறைகள் அதை முந்தின.

அதை எண்ண எல்லாரும் மறுத்துவிட்டார்கள். முடியாது, அவ்வளவு கிடக்கிறது. ஒரு அக்கா, “இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரைக்கும் மட்டும் எண்ணித் தர்றேன், மிச்சத்தை நீங்க கணக்குல பெருக்கிக்கோங்க” என்றார். மாதிரிப் பரப்பு எடுப்பது என்று கல்லூரியில் நான் ஒரு பருவம் முழுக்கப் படித்தது அதுதான்.

14 ஜூன், மாலை 5.40

இந்த முறையை எந்தப் பெயரால் அழைப்பது என்று கீழே நடக்கும் சண்டைக்கு என் பங்கு. ‘குடிமக்கள் அறிவியல்’ வேண்டாம், ‘மக்கள் அறிவியல்’ போதும் என்கிறேன். உலகின் எத்தனையோ நகரங்களில் தெரு கூட்டுபவர்கள் அந்த நாட்டின் குடிமக்களே இல்லை. பிழைக்க வந்தவர்கள். குடியுரிமை இருந்தால்தான் குப்பையை எண்ணலாம் என்பது போல ஒரு பெயர் எதற்கு?

15 ஜூன், இரவு 10.30

5ஆம் தேதி சொல்லிவிட்டு விட்ட விஷயம்.

செயலியைச் சோதித்துப் பார்த்த இரண்டு வாரங்களில் பதிவுகள் எல்லாம் ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக விழுந்தன. அழகாக இருக்கிறதே என்று அவர்களுடைய மேற்பார்வை அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான் அனுப்பினேன். அடுத்த வாரம் ஒரு அக்காவைக் கூப்பிட்டு, “6.10க்கும் 6.35க்கும் நடுவில் உன் புள்ளி நகரவில்லையே, எங்கே உட்கார்ந்திருந்தாய்?” என்று விசாரித்திருக்கிறார்கள். அவர் கழிவறை தேடிப் போயிருந்தார். வேலை நேரத்தில் அவர்களுக்கு அருகில் கழிவறை கிடையாது. அதை ஆண் மேற்பார்வையாளர் முன்னால் சொல்லக் கூசி, அரைநாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வந்தார்.

அவர் என்னிடம் கோபப்படவில்லை. மறுநாள் கைபேசியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அதனால் முதல் மாதமே சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். குப்பை எங்கே கிடந்தது என்பது தரவு. எடுத்தவர் எந்த நிமிடம் எங்கே நின்றார் என்பது தரவு அல்ல, அதைச் சேகரிக்கவே கூடாது. எங்கள் பதிவில் இப்போது தெருவின் பெயர், தேதி, நீளம், எண்ணிக்கை, முந்தின இரவு மழை உண்டா இல்லையா, இவ்வளவுதான். ஆள் பெயர் இல்லை. எண்ணை வைத்து வேலையை மதிப்பிட மாட்டோம் என்று அலுவலகத்திடம் எழுத்தில் வாங்கியிருக்கிறோம். குப்பை கூடினால் கூட்டியவர் குற்றம், குறைந்தால் அவர் எண்ணவில்லை என்று எடுத்துக்கொண்டால் எந்த மனிதர்தான் உண்மையைச் சொல்வார்?

16 ஜூன், காலை 7.00

மேலே ஒன்று சேர்க்க: கட்டிய பையை யாரும் அவிழ்க்கக் கூடாது. எங்கள் விதிகளில் முதலாவது. ஊசி, உடைந்த கண்ணாடி, அணையாடை, எதுவும் இருக்கலாம். வெளியே தனியாகக் கிடப்பதை மட்டும்தான் எண்ணுகிறோம். கணக்கு குறைந்தால் குறையட்டும்.

18 ஜூன், இரவு 9.15

பிளாஸ்டிக் வகையை அவர்கள் கண்டுபிடிப்பார்களா என்று கேட்டவருக்கு: கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பார்கள். தரம் பிரிக்கும் கொட்டகையில் ஒரு அண்ணன் காதருகே வைத்துக் கசக்கிப் பார்ப்பார். மொடமொடவென்றால் பி.பி. (பாலிபுரொப்பிலீன்), சத்தமில்லாமல் இழுபட்டால் எல்.டி. (அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன்). சந்தேகம் வந்தால் வாளித் தண்ணீர். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். பெட் பாட்டில் துண்டு மூழ்கும், அதன் அடர்த்தி 1.38. அதனால்தான் மூடி மிதந்து கடல் தாண்டுகிறது, பாட்டிலில் காற்று போனால் அது அடியில் தங்கிவிடுகிறது. இதை அவர் அடர்த்தி என்ற சொல் இல்லாமலே சொன்னார்.

முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை அச்சிடும் எண் 1988இல் வந்தது. அது பிசினின் வகையைக் குறிக்கிறது. மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் இல்லை. கொட்டகையில் யாரும் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

சிலர் கொளுத்தி முகர்ந்து பார்ப்பார்கள். அதை மட்டும் கெஞ்சிக் கேட்டு நிறுத்த வைத்தோம். பி.வி.சி. எரிந்தால் வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலை அரிக்கும்.

21 ஜூன், மாலை 6.30

“இந்த எண்களை எந்த அரசு எடுத்துக்கொள்ளும்?” கானா எடுத்துக்கொண்டிருக்கிறது. கடற்கரைகளில் மக்கள் எண்ணிய பிளாஸ்டிக் தரவைத் தன் அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தில் சேர்த்து, கடலைக் காப்பது பற்றிய ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்கு 14இன் கீழ் கணக்குக் காட்டிய முதல் நாடு அது. ஐரோப்பாவில் 100 மீட்டர் கரைக்கு 20 பொருளுக்கு மேல் போகக் கூடாது என்று 2020இல் வரம்பு வைத்தார்கள், அதற்கும் அடிப்படை கையால் எண்ணிய கணக்குகளே. 2022 மார்ச்சில் நைரோபியில் உலகப் பிளாஸ்டிக் உடன்படிக்கைப் பேச்சுவார்த்தைக்கு வழிவிட்ட ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவைத் தீர்மானம், முறைசாராக் கழிவுத் தொழிலாளர்களின் பங்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. கதவு திறந்துதான் இருக்கிறது.

ஆனால் எனக்கு அரசைவிட முக்கியம் இன்னொன்று. நான்கு மாதக் கணக்கை அவர்கள் வருகைப் பதிவு செய்யும் அறையின் சுவரில் ஒட்டினோம். படிக்கத் தெரியாதவர்களுக்காக நிஜ மூடிகளையே அட்டையில் ஒட்டி, ஒரு மூடிக்கு நூறு பாக்கெட் என்று. பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் தன் தெருவின் மூடிகளைத் தொட்டு எண்ணினார். “இத்தனையா குனிஞ்சிருக்கேன்?” என்றார்.

அறிக்கையில் பெயர் போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டோம். ஐந்து பேர் போடச் சொன்னார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். அப்படியே செய்தோம்.

24 ஜூன், இரவு 10.10

அந்தச் சுவரைப் பார்த்த பிறகு கேள்வி அவர்களிடமிருந்து வர ஆரம்பித்திருக்கிறது. இதுவரை என்ன எண்ணுவது என்று நாங்கள்தான் முடிவு செய்தோம்.

தொட்டி நிற்கும் இடம் தப்பு என்பது அவர்கள் வாதம். பேருந்து நிற்கும் இடத்துக்கும் தொட்டிக்கும் நாற்பது அடி தூரம், கையில் உறையோடு அவ்வளவு தூரம் யாரும் நடப்பதில்லையாம். தொட்டியைப் பத்தடிக்குள் நகர்த்திவிட்டு மூன்று வாரம் எண்ணலாம், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துத் தெருவில் தொட்டியைத் தொடாமல் விடலாம் என்று அவர்களே சொன்னார்கள். தொட்டி நகர அனுமதி வாங்க ஐந்து வாரம் ஆனது. எண்ணி முடித்து ஒரு வாரம் ஆகிறது. பாட்டிலும் தின்பண்ட உறையும் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்கின்றன. சிறு பாக்கெட் குறையவே இல்லை. ஏன் என்று நான் மூன்று காரணம் யோசித்து வைத்திருந்தேன். அக்கா ஒரே வரியில் முடித்தார்: “அது நின்னு போடுறது இல்ல தம்பி, ஓடுற வண்டியிலேருந்து வீசுறது.”

அப்படியென்றால் தொட்டியால் அது தீராது. வீசப்படும் இடங்களை எண்ண வேண்டும், அதற்கு இரண்டு சாலைத் திருப்பங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நாளை மழை என்கிறார்கள். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை வடிகால் மூடியைத் திறந்து அந்த முக்கோண மூலைகளையும் எண்ணப்போகிறோம். அதற்குச் சல்லடை வேண்டும் என்றார்கள், வாங்கி வைத்திருக்கிறேன். ஐந்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். மற்ற கேள்விகளுக்கு வந்து எழுதுகிறேன்.